பட்டதாரி கூடினால் பத்தாவது படித்தவர் சம்பளம் ஏறுமா?

“உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பி.இ. முடித்த பையன் உணவு டெலிவரி செய்கிறான். பிறகு எந்த அர்த்தத்தில் கல்லூரியால் மாநிலம் வளர்ந்தது என்கிறீர்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலின் முக்கியமான பகுதி பி.இ. முடித்தவரின் சம்பளத்தில் இல்லை, அவருக்கு அடுத்த மெஷினில் நிற்கும் பத்தாவது படித்தவரின் சம்பளத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 47. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு (2021-22) தமிழ்நாட்டுக்குத் தரும் எண் அது. நாடு முழுவதற்கும் 28.4. இது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே, எந்த வயதினராக இருந்தாலும் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் எண்ணிக்கை. கீழே, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகை. கீழே இருக்கும் எண் வெறும் மதிப்பீடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2019-20இல் தமிழ்நாட்டின் விகிதம் 51.4 என்று வந்தது, அடுத்த ஆண்டு 46.9. மாணவர்கள் திடீரெனப் படிப்பை நிறுத்திவிடவில்லை. அதுவரை 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்டவர்கள், 2011 கணக்குக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது சேர்ந்தவர்களின் எண்ணிக்கை, தேறியவர்களின் எண்ணிக்கை அல்ல. பத்து அரியரோடு நிற்பவரும் இதில் உண்டு. ஒரு மாநிலத்தின் வருமானத்தோடு நேரடியாக உறவாடுவது வேறு எண்: 25 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் கையில் பட்டம் இருக்கிறது என்பது. அமெரிக்காவில் மாநிலங்களை இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். 2022இல் மாசசூசெட்ஸில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் பட்டதாரிகள், மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 25 பேர். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் முன்னதில் 94,000 டாலர் அளவிலும் பின்னதில் 54,000 டாலர் அளவிலும் இருந்தது. ஆனால் பணக்கார ஊரில் படிப்பு அதிகமாக இருக்கிறதா, படிப்பால் ஊர் பணக்கார ஊரானதா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லவே முடியாது.

தனி மனிதருக்கான கணக்கு எளிது. கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சமன்பாட்டை பொருளியலாளர் ஜேக்கப் மின்சர் 1974இல் நிலைநிறுத்தினார். உலக நாடுகளின் சராசரி ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பின் 19,400 அளவில் வரும். ஆண்டுக்கு 53,000 ரூபாய் கூடுதல். இதற்கு விட்டுக்கொடுத்தது மூன்றாண்டுச் சம்பளமான 5.4 லட்சமும், கட்டணம், விடுதி என 1.6 லட்சமும், மொத்தம் 7 லட்சம். போட்டது திரும்ப 13 ஆண்டு ஆகும். பட்டம் வாங்கியபின் ஒரு வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்தால் 17 ஆண்டைத் தாண்டிவிடும். கல்லூரி விளம்பரங்களில் இந்த இரண்டாவது வரி இருக்காது.

இங்கே ஒரு சந்தேகம் எழுகிறது. பட்டம் உண்மையில் திறமையைக் கூட்டுகிறதா, அல்லது ஏற்கெனவே திறமையுள்ளவர் யார் என்று முதலாளிக்கு அடையாளம் காட்டும் முத்திரை மட்டும்தானா? 1973இல் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் இந்த இரண்டாவது சாத்தியத்தைக் கணக்காகவே எழுதிக் காட்டி, 2001இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். முத்திரை மட்டும்தான் என்றால், படித்தவருக்குச் சம்பளம் ஏறும், மாநிலத்துக்கு ஒரு பைசா லாபமில்லை. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதுதான் மாறியிருக்கும்.

இதைப் பிரித்தறிய, படிக்காதவரின் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். 2004இல் வெளிவந்த, பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டியின் ஆய்வு இதைச் செய்தது. அமெரிக்க நகரம் ஒன்றில் பட்டதாரிகளின் பங்கு நூற்றுக்கு 25லிருந்து 26 ஆனால், மற்றவர்களுக்கு என்ன ஆகிறது? பள்ளிப்படிப்பை முடிக்காதவரின் கூலி 1.9 சதவீதம் ஏறுகிறது. பள்ளியை முடித்து அதோடு நிறுத்தியவருக்கு 1.6. பட்டதாரிகளுக்கு 0.4.

முதல் இரண்டு எண்களில் மயங்கிவிடக் கூடாது. அவை ஏற அறிவுப் பரவல் எதுவும் தேவையில்லை, சந்தை விதியே போதும். பட்டதாரிகள் பெருகினால் அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய ஆபரேட்டர்களும் உதவியாளர்களும் தேவைப்படுவார்கள். தேவை கூடிய ஆளுக்குக் கூலி கூடும். சுவையே அந்தச் சின்ன 0.4இல்தான் இருக்கிறது. தக்காளி வரத்து கூடினால் தக்காளி விலை இறங்கத்தானே வேண்டும்? பட்டதாரி வரத்து கூடியும் பட்டதாரியின் விலை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. அப்படியென்றால் கீழே இழுக்கும் வரத்தின் விசையை மிஞ்சும் இன்னொரு விசை மேலே தள்ளியிருக்க வேண்டும். அதன் அளவு 0.4ஐவிடப் பெரியது. படித்தவர் பக்கத்தில் படித்தவர் இருப்பதால் இருவரின் உற்பத்தியும் கூடுகிறது என்பதற்கான தடயம் அது. ஒற்றை முத்திரைக் கோட்பாட்டால் இதை விளக்க முடியாது.

பணக்கார நகரம் பட்டதாரிகளை இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மொரெட்டியும் கேட்டுக்கொண்டார். 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம். விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்றுத்தரும் கல்லூரி தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்த ஊருக்குக் கல்லூரி கிடைத்தது என்பதற்கும் நூற்றாண்டு கழித்து அங்கே கணினித் தொழில் வந்ததா என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ஊர்களில் இன்றும் பட்டதாரிகள் அதிகம். அதாவது, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சில ஊர்களுக்குப் பட்டதாரிகள் வாய்த்திருக்கிறார்கள். அந்த ஊர்களை வைத்துப் பார்த்தபோதும் கூலி ஏற்றம் தெரிந்தது. பொருளியலில் எனக்கு மிகப் பிடித்த தந்திரங்களில் இது ஒன்று. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். கட்டாயப் பள்ளிக் கல்விச் சட்டங்களை வைத்து ஆசமொக்லு, ஆங்ரிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் பார்த்தபோது, பள்ளிப்படிப்பால் அக்கம்பக்கத்தாருக்குக் கிடைக்கும் பலன் மிகச் சொற்பமாகவே தெரிந்தது.

பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் இந்த விசை எப்படி வேலை செய்கிறது என்று புரியும். கோவையில் கார் உதிரிபாகம் செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் சி.என்.சி. மெஷின் பத்து, இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம்: மொத்தம் 160 மெஷின் மணி. ஒரு மெஷினுக்கு நாளைக்கு மூன்று முறை ஜாப் (செய்யும் பாகம்) மாறுகிறது, ஒவ்வொரு முறையும் மெஷினைப் புதிய பாகத்துக்குத் தயார்செய்யும் செட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம். 45 மணி வீண், ஓடுவது 115. உற்பத்திப் பொறியியல் படித்த ஒருவர் வந்து, பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரைச் சட்டென்று மாட்டிக் கழற்றும்படி வடிவமைத்து, டூல்களை முன்கூட்டியே அளந்து வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்து செட்டிங்கை அரை மணியாக்குகிறார். இப்போது ஓடுவது 145 மணி. அதே ஆபரேட்டர்கள், அதே நேரம், 26 சதவீதம் கூடுதல் உற்பத்தி. ஐ.டி.ஐ. படித்த ஆபரேட்டரின் மதிப்பு, அவர் புதிதாக ஒன்றும் படிக்காமலேயே ஏறிவிட்டது.

மதிப்பு ஏறியது சம்பளமாக மாறுமா? அடுத்த தெருவில் அதே மாதிரி இன்னொரு பட்டறை இருந்தால்தான். “அங்கே இரண்டாயிரம் கூடத் தருகிறார்கள்” என்று ஆபரேட்டர் சொல்ல முடிந்தால் பங்கு கிடைக்கும். தனியாக ஒரே ஒரு ஆலை நிற்கும் ஊரில் அத்தனையும் முதலாளியின் கணக்கில் போய்ச் சேரும். பட்டறைகள் பக்கத்தில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவரோடு ஃபிக்ஸ்சர் யோசனையும் கூடவே போகும். கல்லூரியால் வரும் பலன் நகரங்களில் கூடுதலாகத் தெரிவதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை ஓடத் தொடங்கியபோதும், 2000இல் டைடல் பார்க் திறந்தபோதும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். துறைமுகம், வரிச்சலுகை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. கல்லூரி மட்டும் காரணம் என்றால் அது புருடா. ஆனால் டிப்ளமோ, ஐ.டி.ஐ., பி.இ. மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. 2022-23இல் தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் சுமார் 2.78 லட்சம் ரூபாய், நாட்டுச் சராசரி 1.69 லட்சம்.

பலன் ஒழுகிப்போகும் ஓட்டைகளும் உண்டு. பெரிய ஓட்டை, காத்திருப்பு. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர் 20 லட்சத்துக்கு மேல். கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. ஓர் இடத்துக்கு 320க்கும் மேற்பட்டோர். ஜாதகத்தில் அரசு வேலை யோகம் பார்ப்பதற்கு முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம். அறையில் உட்கார்ந்து பொது அறிவு மனப்பாடம் செய்யும் பட்டதாரியால் எந்தப் பட்டறையின் செட்டிங் நேரமும் குறையாது. கேரளத்தில் 2023-24இல் 15 முதல் 29 வயதினரிடையே வேலையின்மை 29.9 சதவீதம், இளம்பெண்களிடையே 47.1. அங்கே படித்தவர்கள் கடல் கடந்து போகிறார்கள். 2023இல் அவர்கள் அனுப்பிய பணம் சுமார் 2.17 லட்சம் கோடி ரூபாய். குடும்பங்கள் அதில் வாழ்கின்றன, ஆனால் அது மாநில உற்பத்தி மதிப்பில் சேராது. பக்கத்தில் நிற்பவரின் உற்பத்தியை அவர்கள் கூட்டுவதும் துபாயிலும் தோகாவிலும்தான்.

பெண்கள் விஷயத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கே வராதபோது மேலே போட்ட கணக்கு முழுவதும் பூஜ்யம். அங்கே இன்னொரு கல்லூரியைவிட, வேலை இருக்கும் ஊரில் பாதுகாப்பான விடுதி அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து. 2024இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டதை நான் கல்விச் செலவாகவே எண்ணுவேன். மூன்றாவது, ஆராய்ச்சிப் பணம். 2020-21 கணக்குப்படி நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்கு என்றால், கல்லூரி லேபுக்கும் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் கருவிக்கும் நிரந்தரப் பேராசிரியருக்கும் கிடைப்பதில்லை.

மொரெட்டியின் சோதனையைத் தமிழ்நாட்டில் செய்து பார்க்க முடியுமா? வேண்டியவை இரண்டு: மாவட்டவாரியாகப் பட்டதாரிகளின் பங்கு, அதே மாவட்டத்தில் பட்டமில்லாதவரின் கூலி. முதலாவதற்கு நம்பத்தகுந்த கடைசி மூலம் 2011 மக்கள்தொகைக் கணக்கு. அடுத்தது 2027இல் வருகிறது. இரண்டாவது, மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வில் இருக்கிறது. மாவட்ட அளவில் நம்ப முடியாதபடி அதன் மாதிரி சிறியதாக இருந்தது. 2025 ஜனவரி முதல் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். கிருஷ்ணகிரியையும் அரியலூரையும் அருகருகே வைத்து, பத்தாவது படித்த ஆபரேட்டரின் கூலியை ஒப்பிட அதன்பின் வழி பிறக்கும்.