உதிரி உரிமம் அல்ல, கையிருப்பு உரிமம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, நீலகிரியில் நாலைந்து கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சிறு அலுவலகங்களில் எல்லாம் ஒரே பேச்சு: விண்டோஸ் 11-க்குப் போவதா, பெட்டியையே மாற்றுவதா? அந்தப் பேச்சோடு 'உதிரி உரிமம்' என்ற சொல்லும் மலையேறி வந்துவிட்டது. குன்னூரில் ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளில் முதலில் பார்த்தேன். அப்புறம் கோத்தகிரியில் ஒரு கடைக்காரர் வாயில் கேட்டேன். இப்போது விலைப்பட்டியலிலேயே அச்சாகிறது. ஸ்பேர் லைசென்சுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் போடாமல் கையில் இருக்கும் விண்டோஸ் உரிமத்துக்கு, இதுதான் தமிழாம்.

லைசென்ஸ், அனுமதி என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உரிமம், உரிமையிலிருந்து நாம் செய்துகொண்டது. ஓட்டுநர் உரிமத்தின் புண்ணியத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'அனுமதிப்பத்திரம்' பொருளுக்கு இன்னும் நெருக்கம் என்பேன். மென்பொருளை யாரும் நமக்கு விற்பதில்லை, பயன்படுத்த அனுமதிதான் தருகிறார்கள். போகட்டும், உரிமம் வேர்விட்டாயிற்று. ஸ்பேர் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் செலவழிக்காமல் விட்டுவைப்பது என்று பொருள். என் வழக்கு உதிரியோடுதான்.

உதிர் என்ற வினையின் பிள்ளை உதிரி. இலை உதிரும், முடி உதிரும். கொத்திலும் கட்டிலும் சேராமல் தனித்தனியாகக் கிடப்பது உதிரி. ஊட்டி மார்க்கெட்டில், கீழேயிருந்து வரும் மல்லிகையை விலை கேட்டால் பூக்காரம்மா திருப்பிக் கேட்பார்: "தொடுத்ததா, உதிரியா?" தொடுத்தது முழக்கணக்கு, உதிரி எடைக்கணக்கு. விற்காமல் மிஞ்சிய பூவுக்கு உதிரி என்று அவர் ஒருநாளும் பெயர் வைக்க மாட்டார். தொழிலாளரிலும் அப்படித்தான். உதிரித் தொழிலாளர் என்றால் ஒரு நிறுவனத்தோடு கட்டுப்படாதவர், தேவைக்கு மேல் இருப்பவர் அல்ல.

'உதிரி பாகம் என்கிறோமே' என்பது எதிர்க்கட்சியின் ஒரே ஆயுதம். குன்னூர் ஷெட்டில் நிற்கும் மலை ரயில் இன்ஜினைப் பாருங்கள். பல்சக்கரம் இன்ஜினில் பூட்டியிருக்கும்வரை வெறும் பாகம். தனியே தட்டில் இருந்தால் உதிரி பாகம். பூட்டாமல் தனித்து இருக்கிறது என்பதால் வந்த பெயர் அது. தேவைக்கு மேல் இருக்கிறது என்பதால் அல்ல. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டும் ஆள், டிக்கியில் கிடக்கும் டயரை 'உதிரி டயர்' என்றா சொல்கிறார்? ஸ்டெப்னி என்கிறார். அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர். நூறாண்டுக்கு முன் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். முன்பின் தெரியாத தெருவின் பெயர் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, உதிரி ஒட்டவில்லை.

சரி, பழைய பெட்டியிலிருந்து கழன்று தனியாகக் கிடக்கும் உரிமத்தை உதிரி என்றால் என்ன குறை என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் அந்தச் சொல் ஆளை ஏமாற்றுகிறது. கணினியோடு சேர்ந்தே வரும் ஓஇஎம் உரிமம் அதன் மதர்போர்டோடு கட்டுண்டது; போர்டு போனால் பெரும்பாலும் உரிமமும் போயிற்று. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் உரிமத்தைத்தான் பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றில் போடலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே கணினியில். ஆக, ஓஇஎம் உரிமம் உதிரவே உதிராது. இது தெரியாமல், கழித்துப்போட்ட பெட்டிகளின் பக்கவாட்டிலிருந்து விண்டோஸை இயக்கக் கேட்கும் 25 எழுத்துச் சாவி அச்சிட்ட ஸ்டிக்கர்களைப் பிளேடால் சுரண்டி எடுத்து, டைரிக்குள் ஒட்டி வைத்திருந்தார் ஒரு நண்பர். பாதி எழுத்துகளை மலை ஈரம் தின்றிருந்தது. அத்தனையும் விண்டோஸ் 7 சாவிகள் வேறு. அவற்றை வைத்துப் புதிய விண்டோஸை இயக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது. 'உதிரி உரிமம் பத்து இருக்கு' என்று அவர் சொன்னபோது யாரைக் குற்றம் சொல்வது?

'உபரி' என்று எழுதுவோரும் உண்டு. வடமொழி என்று அதை நான் தள்ளவில்லை. அணையின் உபரி நீர் போலத் தேவைக்கு மேல் வழிவதை அது சொல்கிறது. இங்கே வழிவது எதுவும் இல்லை. நாளைக்கு ஆகும் என்று எடுத்துவைத்தது இது. அதற்குக் கணக்குப் பிள்ளைகள் காலங்காலமாக எழுதிவரும் சொல் 'கையிருப்பு'. கையிருப்பு உரிமம் என்றால் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். கழற்றிப் பூட்டலாம் என்ற பொய் வாக்குறுதி அதில் இல்லை. பூட்ட முடிந்ததற்கு 'மாற்றத்தக்க உரிமம்' என்று தனியே எழுதிக்கொள்ளலாம்.

அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. அதே பயிற்சித் தாளில் மறுபயன்பாடு 'மறுசுழற்சி' ஆகியிருந்தது, உரிமத்தை அரைத்துக் கூழாக்கி மறுபடி வார்ப்பதுபோல. அதைவிடக் கேடு, அப்கிரேடுக்குப் 'புதுப்பித்தல்' என்று எழுதியது. நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆனால் தரம் உயர்த்தினார்கள் என்கிறோம். புதுப்பிப்பது ஓட்டுநர் உரிமத்தை, கெடு முடிந்ததும், பணம் கட்டி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கர் என்னிடம் கேட்டார்: "வருசா வருசம் கட்டணுமா சார்?" முறையான உரிமத்தோடு விண்டோஸ் 10 ஓடும் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும் இருந்து, மற்ற தகுதிகளும் சரியாக இருந்தால், 11-க்குத் தரம் உயர்த்தக் காசு கிடையாது. பழைய உரிமமே செல்லும். அவருடைய கணினிக்கு இவை எல்லாமே இருந்தன.