காலர் நுனி ஏன் மேல்நோக்கியே சுருள்கிறது?

"புதுச் சட்டையின் காலருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கிறதே, அதை எடுத்துப் போட்டுவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடவே இன்னொரு கேள்வி: "சில முறை துவைத்ததும் காலர் நுனி ஏன் எப்போதும் மேல்நோக்கியே சுருள்கிறது?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: போடாதீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் துண்டுக்குக் காலர் ஸ்டே என்று பெயர். தையல் தொழிலில் காலர் போன் என்றும் சொல்வார்கள். இரண்டரை அங்குலம் போல நீளம் இருக்கும். ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை. காலரின் அடித்துணியில் நுனியைப் பார்த்துச் சாய்வாகத் தைத்த ஒரு சிறு பை உண்டு. கூர்முனை முன்னால் போகும்படி அதில் செருக வேண்டும், அவ்வளவுதான்.

பருத்தி ஏன் கசங்குகிறது என்பது பலருக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்தி இழை என்பது செல்லுலோஸ் சங்கிலிகளின் கட்டு. சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் மூலக்கூறு இடையில் புகுந்தால் அந்தப் பிணைப்புகள் விட்டுப்போகும், சங்கிலிகள் நழுவும். நீர் வெளியேறியதும் அப்போது துணி எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில் புதுப் பிணைப்புகள் உருவாகும். நீராவியும் சூடும் கொடுத்து இஸ்திரிப் பெட்டி செய்வது இதைத்தான். கழுத்து வியர்வையும் நாள் முழுக்க மெதுவாக இதையே செய்கிறது. ஆக, காலர் தளர்ந்துபோவது புரிகிறது. ஆனால் தளர்ந்த துணி தொங்கத்தானே வேண்டும், ஏன் மேலே எழும்புகிறது?

காலர் ஒற்றைத் துணி அல்ல. மேலே தெரியும் துணி ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் விறைப்புக்காக ஒட்டிய கேன்வாஸ். இந்த அடுக்கை மேல்விளிம்பில் அப்படியே 180 பாகை மடித்துக் கீழே இறக்குகிறோம். மடிப்பின் வெளிப்பக்கம் போகிற துணி உள்பக்கத் துணியைவிட நீண்ட பாதையில் போயாக வேண்டும். எவ்வளவு நீளம்? இரண்டு துணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை π என்ற எண்ணால் (சுமார் 3.14) பெருக்கினால் போதும். இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் வித்தியாசம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். இரண்டு துணிகளையும் ஒரே அளவில் வெட்டித் தைத்திருந்தால், மடித்தவுடன் மேல்துணிக்கு அந்த 1.6 மில்லிமீட்டர் பற்றாமல் போகும். அது விளிம்பைத் தன் பக்கம் இழுக்கும். தன் பக்கம் என்றால் வெளிப்பக்கம், அதாவது மேல்நோக்கி. காலர் எந்தத் திசையில் சுருளும் என்பதை அதன் மடிப்பே முடிவு செய்துவிடுகிறது! அதனால்தான் நல்ல தையல்காரர்கள் மேல்துணியைச் சற்றே பெரிதாக வெட்டுகிறார்கள். தைத்து முடித்ததும் நுனி லேசாக உள்நோக்கி வளைந்து நெஞ்சில் படிந்து நிற்கும்.

அப்புறம் சட்டை துவைக்கப் போகிறது. நெசவின்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட நூல்கள் தண்ணீரில் தளர்ந்து சுருங்குகின்றன. மூன்று அடுக்குகளும் ஒரே அளவு சுருங்கினால் பிரச்சினையே இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அடுக்குகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கினால் முழு அடுக்கும் அந்தப் பக்கமாக வளையும்; அது மேல்துணி என்றால் மேல்நோக்கி. பள்ளியில் படித்த ஈருலோகப் பட்டை, அதாவது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த, சூடேறினால் வளையும் பட்டை நினைவிருக்கிறதா? அதேதான். அந்தப் பட்டை எவ்வளவு வளையும் என்பதற்கான சமன்பாட்டை ஸ்டீபன் டிமோஷென்கோ என்ற பொறியாளர் 1925-இல் வெளியிட்டார். அதில் நம் காலரைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தத் தடிமன் 1 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், சுருக்க வித்தியாசம் வெறும் அரை சதவீதம். நுனி எழும்பும் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது! கண்ணுக்கே தெரியாத 0.3 மில்லிமீட்டர் நீள வித்தியாசம் ஐம்பது மடங்காகப் பெருகி நுனியில் வந்து நிற்கிறது. நிஜக் காலரில் அடுக்குகள் கொஞ்சம் நழுவுவதால் இவ்வளவு வராது. ஆனாலும் ஒரு மெல்லிய அடுக்கு இப்படி ஒரு பெருக்கியாக மாறுவதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். சூட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் இஸ்திரிப் பெட்டிகளுக்குள் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் ஓர் ஈருலோகப் பட்டைதான். காலரைச் சுருட்டும் இயற்பியலும் அதை நிமிர்த்தும் கருவிக்குள் இருக்கும் இயற்பியலும் ஒன்றே.

ஸ்டே இங்கேதான் வேலைக்கு வருகிறது. அது சுருக்கத்தைத் தடுப்பதில்லை. வளைவதைக் கடினமாக்குகிறது. ஒரு தகடு வளைய மறுக்கும் திறன் அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. பொருளும் முக்கியம்: எஃகின் யங் குணகம் (இழுத்தாலோ வளைத்தாலோ ஒரு பொருள் எவ்வளவு விறைப்பாக எதிர்க்கும் என்பதன் அளவு) பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கைவிடச் சுமார் 70 மடங்கு அதிகம். ஆனால் மும்மடி விதி இருப்பதால் பிளாஸ்டிக் ஸ்டேயை நாலு மடங்கு தடிமனாகச் செய்தாலே எஃகை எட்டிவிடும். கால் மில்லிமீட்டர் எஃகும் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கும் விறைப்பில் ஏறக்குறைய சமம். ஒரு மில்லிமீட்டர் துண்டு காலருக்கு மேல் புடைத்துத் தெரியும் என்பதுதான் எஃகு, பித்தளை ஸ்டேக்களை நாடக் காரணம். நீளத்தையும் கவனியுங்கள். ஸ்டே குட்டையாக இருந்தால் அது முடியும் இடத்துக்கு அப்பால் உள்ள நுனி தன் இஷ்டத்துக்குச் சுருளும்.

துவைக்கும் முன்பும் இஸ்திரி போடும் முன்பும் ஸ்டேயை எடுத்துவிட வேண்டும். ஸ்டேக்களில் பயன்படும் பிவிசி, பாலியெஸ்டர் போன்ற பிளாஸ்டிக்குகள் 70, 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடோ 200 டிகிரியை ஒட்டியது. இளகிய ஸ்டே எந்த வளைவில் ஆறுகிறதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும். அதற்குப் பின் அந்த ஸ்டேயே காலரை வளைக்கும். உலோக ஸ்டே இளகாது, ஆனால் அதன் அச்சு துணியில் பளபளப்பாகப் பதிந்துவிடும். காலரைத் தேய்க்கும்போது நுனியிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் உபரித் துணி முழுவதும் நுனியில் போய்ச் சேரும்.

ஸ்டே பரவுவதற்கு முன் இந்த வேலையைக் கஞ்சி செய்தது. ஒரு நூலில் நூறு இழைகள் இருந்து, அவை தாராளமாக நழுவினால் நூலின் விறைப்பு ஓர் இழையின் நூறு மடங்கு. அதே இழைகளை ஒட்டிவிட்டால் நூறின் வர்க்கம், அதாவது பத்தாயிரம் மடங்கு. கஞ்சி அந்த நழுவலைத்தான் நிறுத்துகிறது. 1827-இல் அமெரிக்காவின் டிராய் நகரில் ஹன்னா மாண்டேகு என்ற பெண்மணி, அழுக்கான காலரை மட்டும் தனியாகக் கழற்றித் துவைக்கலாமே என்று யோசித்ததாகச் சொல்வார்கள். கழற்றி மாட்டும் விறைப்பான காலர் பெரும் தொழிலாகி அந்த ஊரையே காலர் நகரமாக்கிவிட்டது.

வேதியியல் இன்னும் ஆழமாகப் போனது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ரூத் பெனரிட்டோவும் அவரது சகாக்களும் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையே நீரால் உடைக்க முடியாத வேதிப் பாலங்களை அமைக்கும் வழிகளை வளர்த்தெடுத்தார்கள். கசங்காத பருத்திச் சட்டை அதிலிருந்து வந்தது. பெனரிட்டோ பெயரில் 55 காப்புரிமைகள் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு அது. "துணி கசங்குவதை ஆராய அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: கொடுக்க வேண்டும், இன்னும் அதிகமாகவே கொடுக்க வேண்டும். அன்றாடப் பொருட்களைப் பற்றிய அடிப்படைக் கேள்விகளுக்கு லாபம் பார்க்கிற நிறுவனம் பத்து வருடம் காத்திருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். ஸ்டே நுனியைச் சுருளவிடாது, ஆனால் காலர் மொத்தமாக மடிப்பிலிருந்து எழும்பினால் அதால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்காகக் காந்த ஸ்டே வந்திருக்கிறது. சட்டைக்கு உள்பக்கம் ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை வைத்தால் காலரில் உள்ள எஃகு ஸ்டேயைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பித்தளையும், பாத்திரங்களில் பயன்படும் 304 வகை எஃகும் இதற்கு உதவாது, காந்தம் அவற்றைப் பிடிக்காது. உடலில் காந்தம் அணிந்தால் ரத்த ஓட்டம் சீராகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எம்ஆர்ஐ கருவியின் மிக வலுவான காந்தப் புலத்துக்குள் (1.5 டெஸ்லா) படுத்தாலும் ரத்தத்தில் உள்ள இரும்பு காந்தத்தை நோக்கி ஓடுவதில்லை. ஆனால் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வகை ஸ்டேயைத் தவிர்க்க வேண்டும். பேஸ்மேக்கர் பொதுவாகக் காரை எலும்புக்குச் சற்றுக் கீழே தோலுக்கடியில் இருக்கும், காலர் நுனி விழும் இடமும் அதன் பக்கத்திலேயேதான். வலுவான காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின் துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் துடிப்பு கொடுக்கும் நிலைக்கு மாறக்கூடும். அவர்களுக்குச் சாதாரணப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் ஸ்டேயே போதும்.