கீழ்மேடை எங்கே இருக்கிறது?

போன மாதம் ஒரு ஒத்திகை. இயக்குநர் கையில் மொழிபெயர்த்த பிரதி. "கீழ்மேடைக்கு வாப்பா" என்றார். புதுப்பையன் மரியாதையாகப் படியிறங்கி முதல் வரிசை நாற்காலி ஓரமாகப் போய் நின்றான். "கீழே இல்லப்பா, முன்னாடி, முன்னாடி!" என்று கத்தினார் இயக்குநர். அவர் வாயிலேயே சொல் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கீழ்மேடை?

மேடையில் பார்வையாளர்களுக்கு அருகே இருப்பது ஆங்கிலத்தில் டவுன்ஸ்டேஜ். பின்திரையை ஒட்டியது அப்ஸ்டேஜ். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் கீழ்மேடை, மேல்மேடை ஆகிவிட்டன. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மேடையைப் பின்பக்கம் உயரும்படி சரிவாகக் கட்டினார்கள். 1545இல் இத்தாலியர் செர்லியோ வெளியிட்ட கட்டடக்கலை நூலிலேயே அந்தச் சரிவு உண்டு. திரையில் தீட்டிய தெரு ஆழமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. பின்னால் போனவர் நிஜமாகவே மேலே ஏறினார். இன்று பெரும்பாலும் சமதளம்தான். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கீழ்மேடைக்காரர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் திசைப்பெயர் சரிவிலிருந்துதானே வந்தது, மலைப்பக்கம் மேற்கு, கடல்பக்கம் கிழக்கு என்கிறார்கள். கெட்டிக்கார வாதம்தான், ஆனால் சொன்னவரையே கவிழ்க்கும். மலை இன்னும் அங்கேயே நிற்கிறது. நம் சபா மேடையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள், உருளாது. தவிர, கீழவீதி மேலவீதி என்று ஊரெல்லாம் திசை காட்டுகிற சொல் அது. கோயில் மண்டபத்தில் நாடகம் போடுகிறவர் கீழ்மேடையைக் கிழக்கே அல்லவா தேடுவார்!

முன்மேடை, பின்மேடை போதும். பின்மேடை என்றால் ஒப்பனை அறைப்பக்கம் என்று நினைத்துவிடுவார்களாம். அதற்குத்தான் 'திரைமறைவு' என்று அழகான சொல் இருக்கிறதே. அரசியல்வாதிகளுக்கு மட்டும் அதை எழுதி வைத்துவிட்டோமா?

இதைவிடக் கொடுமை ஒன்று. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நடிகர் நைசாகப் பின்மேடைக்கு நழுவுவார். எதிரில் இருப்பவர் அவரைப் பார்த்துப் பேச அவைக்கு முதுகு காட்ட வேண்டிவரும். பார்வை முழுக்க நழுவியவருக்குப் போய்விடும். இந்தத் தந்திரத்தை ஒரு மொழிபெயர்ப்பில் 'மேல்மேடையாக்குதல்' என்று படித்தேன். 'முதுகு காட்டவைத்தார்' என்றால் சபையில் கடைசி வரிசைக்கும் புரியும். அகராதியைத் திறக்கிறவர்கள் ஒருநாளாவது ஒத்திகைக்கு வந்து உட்கார வேண்டும்.

இடம் வலமும் இப்படித்தான். அவையை நோக்கி நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கமே மேடை வலம். பிரதிகளிலோ மொட்டையாக 'வலப்புறம்' என்று இருக்கும், யாருக்கு வலம்? 'நடிகர் வலம்' என்று எழுத இரண்டு நொடி ஆகுமா? சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவி வலக்கால் முன்வைத்து ஏறி வலத்தூண் அருகே நிற்கிறாள். ஆடி முதிர்ந்த பெண்களான தோரிய மகளிர் இடத்தூண் பக்கம். நிற்கும் இடத்தைத் தூணோடு கட்டிச் சொன்ன மரபு நம்முடையது.

மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் மட்டும் என் முன்மேடையும் செல்லாது. அங்கே சுற்றிவரச் சனம் உட்கார்ந்திருக்கும். ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது முதுகுதான்.