ஹெவி கார்கோவுக்கு எந்த டிரக்? எச்பியை அப்புறம் பாக்கலாம்

யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ங்கற டிரக் ஓட்டுற கேம்ல ஹெவி கார்கோ டிஎல்சி, அதாவது பெரிய லோடு இழுக்குற கூடுதல் பேக், போட்டதும் நிறைய பேர் நேரா டீலர்கிட்ட போயி பெரிய இன்ஜினா பாத்து எடுத்துடுவாங்க, 730 எச்பி (குதிரைத்திறன்) ஸ்கேனியா வி8, இல்லன்னா 750 எச்பி வால்வோ எஃப்எச்16. ஆனா சேஸிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், மட்டும் பழைய 4×2-வே இருக்கும், நாலு சக்கரத்துல ரெண்டுக்குத்தான் இன்ஜின் பலம் போகும். அப்புறம் மழையில ஒரு மேட்டுல நின்னு கிளம்பப் பாத்தா பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், வண்டி நகராது. இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல, அந்த பலம் ரோட்டுல இறங்கலங்கறதுதான் பிரச்சனை.

கணக்கு போட்டே பாத்துடலாம். லோடு 60 டன், டிரக்கும் டிரெய்லரும் சேத்து மொத்தம் 80 டன்னு வச்சுக்குவோம், ரோடு 6 சதவீத ஏத்தம், அதாவது 100 மீட்டர் முன்னாடி போனா 6 மீட்டர் மேல போறோம். இந்த ஏத்தத்துல 80 டன்னை பின்னாடி இழுக்குற விசை மட்டும் 47 கிலோநியூட்டன், டயர் உருள்றதுக்கு இன்னொரு 5-க்கு கொஞ்சம் குறைவா ஆகும், ஆக மொத்தம் 52 கிலோநியூட்டன் விசையில டயர் ரோட்டைத் தள்ளணும். இது இருக்குற வேகத்துலயே ஏறுறதுக்கு மட்டும், நின்ன இடத்துல இருந்து கிளம்பி வேகம் எடுக்கணும்னா இதுக்கும் மேல வேணும்.

இப்போ ரோட்டைத் தள்றது யாருன்னு பாருங்க. டிரெய்லர்ல எத்தனை சக்கரம் இருந்தாலும் அது சும்மா உருளத்தான் செய்யும், தள்றது டிரக்கோட டிரைவ் ஆக்சில், அதாவது இன்ஜின் பலம் போற அச்சு, மட்டும்தான். டயர் வழுக்காம எவ்ளோ தள்ள முடியும்ங்கறது அந்த ஆக்சில் மேல உக்காந்திருக்குற எடையையும் ரோட்டோட பிடிமானத்தையும் பொறுத்தது. ஐரோப்பாவுல ஒரு டிரைவ் ஆக்சில்ல சாதாரணமா 11.5 டன் வரைக்கும் ஏத்தலாம். காஞ்ச ரோட்டுல பிடிமானம் 0.7-னு எடுத்தா 79 கிலோநியூட்டன் கிடைக்கும், நமக்கு 52 போதும், ஏறிடும். மழை பெஞ்சு அது 0.4-க்கு இறங்கிடுச்சுன்னா கிடைக்கிறது 45 தான். முடிஞ்சுது கதை, 750 என்ன 1000 எச்பி இன்ஜின் போட்டாலும் டயர் சுத்துமே தவிர வண்டி ஏறாது.

அதனாலதான் நான் யார் கேட்டாலும் முதல்ல சேஸிஸை மாத்துங்கன்னு சொல்றேன். 6×4-ல ரெண்டு ஆக்சில் தள்ளுது, ரெண்டும் சேர்ந்து 19 டன் தாங்குதுன்னு வச்சா அதே மழை ரோட்டுல 75 கிலோநியூட்டன் வருது. இங்க நிறைய பேர் குழம்புறது 6×2-ல, அதுலயும் மூணு ஆக்சில் இருக்கேன்னு எடுத்துடுறாங்க, ஆனா ரெண்டாவது நம்பர்தான் எத்தனை சக்கரத்துக்கு இன்ஜின் பலம் போகுதுன்னு சொல்றது, 6×2-ல மூணாவது ஆக்சில் எடையைத் தாங்கும், தள்ளாது. சொல்லப்போனா டிரைவ் ஆக்சில் மேல இருக்க வேண்டிய எடையில கொஞ்சத்தை அது வாங்கிக்கும், அதனால அது தூக்கி வைக்கக்கூடிய லிஃப்ட் ஆக்சிலா இருந்து வழுக்குற இடத்துல அதைத் தூக்கிட்டா அந்த எடை திரும்ப டிரைவ் ஆக்சிலுக்கே வந்து பிடிமானம் கூடும். கேம்லயும் நிஜ வண்டியிலயும் இது வேலை செய்யும். 8×4 பாக்க கம்பீரமா இருக்கும், எனக்கும் பிடிக்கும், ஆனா அதுலயும் தள்றது ரெண்டே ஆக்சில்தான், கூடுதலா இருக்குறது எடையைத் தாங்குறதுக்கு. இழுக்குற வேலைக்கு மட்டும்னா 6×4-க்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அடுத்தது கியர். கேம்ல கியர்பாக்ஸ் வாங்குற இடத்துல டிஃபரன்ஷியல் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற தண்டு எத்தனை சுத்து சுத்தணும்ங்கறது, 2.85, 3.40-ன்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், அதை யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. எஃப்எச்16 750 இன்ஜின் தன்னோட முழு டார்க் (சுழற்றுற பலம்) 3,550 நியூட்டன் மீட்டரைக் குடுக்குறது 1,050-ல இருந்து 1,400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) வரைக்கும். டயரோட ஆரம் அரை மீட்டர், டாப் கியர் 0.78-ன்னு வச்சு கணக்கு போட்டா, 80 கிலோமீட்டர் வேகத்துல 2.85 ரேஷியோவுக்கு இன்ஜின் 940 ஆர்பிஎம் கிட்டதான் சுத்தும், அதாவது முழு டார்க் வர்ற இடத்துக்குக் கீழ. காலி டிரெய்லருக்கு இது அருமை, டீசல் மிச்சமாகும். 80 டன்னுக்கு இது ஆகாது, லேசா ஒரு ஏத்தம் வந்தாலே கியர் இறங்கும், கொஞ்சம் சமமானதும் ஏறும், திரும்ப இறங்கும். அதே வேகத்துல 3.40 போட்டா 1,125 ஆர்பிஎம், இன்ஜின் சரியா அதோட பலமான இடத்துல நிக்குது. ஒரே இன்ஜின், இந்த ஒரு நம்பரை மாத்தினதும் வண்டி ஓடுற விதமே மாறிடும்.

நின்ன இடத்துல இருந்து கிளம்புறதுக்கு கிராலர் கியர், அதாவது ரொம்ப மெதுவா ஆனா பலமா நகர்த்துற கியர், இருக்குற கியர்பாக்ஸ் எடுங்க. 2016-ல வால்வோ இந்த மாதிரி பாக்ஸை வெளியிட்டப்போ ஒரு எஃப்எச்16-ஐ வச்சு வரிசையா கோத்த டிரெய்லர்களோட 750 டன்னை இழுத்துக் காட்டினாங்க. கேக்க நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனா அது சமதளம். 750 டன்னை சமதளத்துல உருட்டிக்கிட்டே இருக்க மேல போட்ட அதே கணக்குப்படி 44 கிலோநியூட்டன் போதும், நம்ம 80 டன் மேட்டுல கேக்குறதே 52! கஷ்டம் எடையில மட்டும் இல்ல, ஏத்தத்துல இருக்கு. ஜாப் எடுக்கும்போது டன்னை மட்டும் பாக்காம ரூட்டையும் பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

சரி, எச்பி எதுக்கு? வேகத்துக்கு. அதே 6 சதவீத ஏத்தத்துல கியர்பாக்ஸ்ல போற நஷ்டம் எல்லாம் கழிச்சா 750 எச்பி வண்டி 35 கிலோமீட்டர் வேகத்துல ஏறும், 500 எச்பி வண்டி 23-ல ஏறும். ரெண்டும் மேல போய்ச் சேரும். டெலிவரி டைம் இறுக்கமா இருந்தா பெரிய இன்ஜின், இல்லன்னா அந்தப் பணத்தை சேஸிஸ்லயும், இறக்கத்துல வேகத்தைக் கட்டுப்படுத்துற ரிடார்டர்லயும் போடலாம்.

ரிடார்டர் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஏன்னா ஏறுனதை இறக்கியாகணும். அதே 6 சதவீதத்துல 40 கிலோமீட்டர் வேகத்தைப் பிடிச்சு வச்சு இறங்கணும்னா ஒவ்வொரு நொடியும் கிட்டத்தட்ட 470 கிலோஜூல் சக்தியை எங்கயாவது தள்ளியாகணும், 600 எச்பிக்கு மேல, பெரிய இன்ஜின் ஒண்ணோட மொத்த பலத்துக்கு சமம். இதை நிஜத்துல கால் பிரேக்லயே பண்ணினா டிரம்மும் டிஸ்க்கும் சூடாகி பிரேக் பிடிக்கிறதே குறைஞ்சு போயிடும். ஹைட்ராலிக் ரிடார்டர்ல ஆயிலுக்குள்ள ஒரு ரோட்டர் சுத்தும், எதிர்ல நிக்குற ஸ்டேட்டர் அந்த ஆயில் ஓட்டத்தைத் தடுக்கும், வண்டியோட வேகம் சூடா மாறி ரேடியேட்டர் வழியா வெளிய போயிடும், தேயிற பாகமே இல்ல. பெரிய ரிடார்டர்கள் 4,000 நியூட்டன் மீட்டர் கிட்ட தடுக்கும், 3.40 ரேஷியோவோட அது ரோட்டுல 27 கிலோநியூட்டன். நமக்கு வேண்டியது 42 (47-ல டயர் உருள்றதுக்குப் போற 5 போக), மிச்சத்தை இன்ஜின் பிரேக் குடுக்கணும், அதுக்கு இன்ஜின் வேகமா சுத்தணும், அதனால இறக்கம் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடுங்க. இங்க 2.85 ரேஷியோ இருந்திருந்தா ரிடார்டர் குடுக்குறது 23-ஆ குறைஞ்சிருக்கும், டிஃபரன்ஷியலைப் பாக்கச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம்.

இவ்ளோ சொன்னாலும் 6×4-ஐ எல்லா வேலைக்கும் எடுக்காதீங்க. அந்தக் கூடுதல் ஆக்சில் எடையும் டீசலும் தின்னும், 20 டன் சரக்குக்கு 4×2 தாராளமா போதும், குறுகலான யார்டுல திருப்பவும் சுலபம். கராஜ்ல ரெண்டு வண்டி வச்சுக்கிட்டு 40 டன்னுக்கு மேல போனா மட்டும் 6×4-ஐ வெளிய எடுங்க.