இரைப்பை இல்லாத வேட்டைக்காரன்: சிக்ஸ்லைன் ராஸ்

கடல்நீர்த் தொட்டியில் சிக்ஸ்லைன் ராஸ் என்ற சிறு பவளப்பாறை மீனை முதல் முறை பார்க்கிறவர்கள் அதன் நிறத்தில்தான் மயங்குவார்கள். ஊதா உடலில் தலை முதல் வால் வரை ஆறு ஆரஞ்சுக் கோடுகள், பச்சை வால், சிவந்த கண். எட்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் நன்றாக வளர்ந்த மீன். ஆனால் பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்கார்ந்தால் நிறத்தை விட அதன் நடமாட்டம்தான் கண்ணில் படும். மற்ற மீன்கள் நீரோட்டத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்க, இது மட்டும் நிற்காது. ஒரு பொந்துக்குள் நுழையும், இன்னொன்றில் தலை நீட்டும், பாறையை ஒரு கணம் உற்றுப் பார்க்கும், சடாரென்று எதையோ கொத்தும், அடுத்த பாறைக்குப் போய்விடும். விளக்கு அணையும் வரை இதே வேலை.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. ராஸ் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. நம் ஊர்க் கெண்டைக்கும் அப்படித்தான். தொண்டையைத் தாண்டிய உணவு நேரே குடலுக்குப் போகிறது. ஒரே வேளையில் நிறையத் தின்று சேர்த்துவைக்க உள்ளே பை இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்றாக வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், இந்த மீனை வளர்ப்பதில் வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே விளங்கிவிடும்.

இரைப்பை செய்யாத அரைவையைத் தொண்டை செய்கிறது. வாயில் இருக்கும் தாடை இரையைப் பிடிக்க மட்டும்தான். தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு தாடை இருக்கிறது. அதன் கீழ் எலும்புகள் ஒன்றாக இணைந்து, மேல் எலும்புகளோடு மோதி, குட்டி நத்தையின் ஓட்டையும் நொறுக்கிவிடும். கண்ணும் இந்த வேட்டைக்கு ஏற்றதுதான். இந்தப் பேரின மீன்களின் கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்க ஒளிபுகும் படலம், இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கிறது. மிக அருகிலிருக்கும் பொடி இரையைப் பெரிதாக்கிப் பார்க்க அது உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை, கிளைகிளையாக வளர்ந்த பவளங்களின் இடுக்குகளில் வாழும் மீனுக்கு இதெல்லாம் தேவைதான்.

சரி, இதை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 25 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை, 1.025 அடர்த்தியில் உப்பு, அம்மோனியா துளியும் இல்லாத நீர் என்பவை எல்லாக் கடல் மீன்களுக்கும் பொதுவானவை. சென்னைக் கோடையில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் இந்த வெப்பநிலை நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்ஸ்லைனுக்கென்று தனியாக வேண்டியது வயதான பாறை. புதுத் தொட்டியின் பாறை வெறும் கல்தான். சில மாதங்கள் போனால்தான் அதில் கோப்பிபோட், ஆம்பிபோட் போன்ற பொடி உயிர்கள் பெருகும். இந்த மீனுக்கு அவைதான் நாள் முழுக்கக் கிடைக்கும் தீனி. அப்புறம் நாம் போடும் உறைந்த மைசிஸ் இறாலையும் ஒரே தடவை கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். பாறைக்காகக் கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளைப் பொறுக்கிவர வேண்டாம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செராமிக் பாறையே போதும்.

பலர் இதை மருந்து மாதிரி வாங்குகிறார்கள். பவளத்தின் மேல் படரும் தட்டைப்புழுக்களையும், சிப்பியில் ஒட்டி உறிஞ்சும் குட்டி நத்தைகளையும் இது தின்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சிக்ஸ்லைனும் தின்னும் என்று உறுதியில்லை. புழுவுக்காக மட்டும் வாங்கினால், புழு தீர்ந்த பிறகும் வருடக்கணக்கில் உங்களோடு இருக்கப் போவது இந்த மீன்.

அதன் சண்டைக் குணமும் அப்போதுதான் தெரியவரும். நாள் முழுக்க மேய்கிற மீனுக்கு மேய்ச்சல் இடம்தான் சொத்து. பாறையில் இன்னொரு மீன் கொத்தினால், தன் தட்டில் கைவைத்த மாதிரி. கடலில் துரத்தப்பட்ட மீன் அடுத்த பவளத்துக்குப் போய்விடும், சண்டை அங்கேயே முடிந்துவிடும். நூற்றைம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் ஓடிப்போக அடுத்த பவளம் இல்லை. துரத்தல் நாள்கணக்கில் நீளும், பலவீனமான மீன் தின்னாமல் கிடந்து செத்துப்போகும். என் தொட்டியில் ஒரு சிறு ஃபயர்ஃபிஷ் இப்படித்தான் மூலையில் ஒடுங்கிப் போனது. மீன்களை விட்ட வரிசையில் நான் செய்த தவறு அது. சிக்ஸ்லைனைக் கடைசியாக விட வேண்டும். முன்பே இருந்தால், புது மீனை ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் வைத்து, இரண்டும் பார்த்துப் பழகிய பிறகு திறந்துவிட வேண்டும். வேறு ராஸ் இனங்களை இதோடு சேர்க்கவே வேண்டாம்.

மேலே வலை மூடியும் கட்டாயம். வழக்கமாக இது மார்புத் துடுப்புகளைப் பறவைச் சிறகு போல அடித்து நீந்தும். பயந்தால் மட்டும் வாலை உதைக்கும். அந்த ஒரு உதையில் தொட்டிக்கு வெளியே வந்துவிடும்.

ராத்திரியில் நடப்பது இன்னொரு அதிசயம். பொந்துக்குள் போய் உடலைச் சுற்றி வழவழப்பான, கண்ணாடி போன்ற ஒரு கூட்டைச் சுரந்துகொண்டு தூங்கும். இதன் உறவினமான கிளிமீன்களின் கூட்டை அலெக்ஸாண்ட்ரா குரட்டர் குழுவினர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். கூட்டை எடுத்துவிட்ட மீன்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ரத்தம் உறிஞ்சும் ஒட்டுண்ணிகளிடம் கடிபட்டன. கூட்டோடு தூங்கியவற்றில் பத்தில் ஒன்றுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கடலின் கொசுவலை.

காலையில் அந்தக் கூடு கிழிந்து, நூலாம்படை மாதிரி தண்ணீரில் மிதக்கும். மீனுக்குத் தோல் நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். விளக்கைச் சட்டென்று அணைக்காமல் படிப்படியாக மங்கவிட்டால், கூடு கட்ட அதற்கு நேரம் கிடைக்கும். எந்தப் பொந்தில் தூங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பாறையை மட்டும் நகர்த்த வேண்டாம்.