சோனிங்: மண்டலமா, வலயமா, பகுதியா?

ஊரக நிலத் திட்டமிடல் பற்றிய செய்திகளில் ‘சோன்’, ‘சோனிங்’ என்னும் இரு சொற்கள் அடிக்கடி தென்படுகின்றன. ஒரே நிலப்பரப்பில் உழவும் குடியிருப்பும் தொழிற்சாலையும் சாலையும் காடும் நீர்நிலையும் இடம் கேட்கும்போது, எந்த இடத்தில் எதற்கு இசைவு, எதற்குத் தடை என்று முன்கூட்டியே வரைபடத்தில் எல்லை குறித்து, அந்த எல்லைக்குச் சட்ட வலிமை தருவது சோனிங். அவ்வாறு எல்லைக்குள் அடங்கிய பரப்பு சோன். முன்னது ஒரு செயல், பின்னது ஓர் இடம். தமிழில் இரண்டையும் ‘மண்டலம்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. அது பல இடங்களில் பொருந்தவில்லை.

கிரேக்கத்தில் ‘சோனே’ என்பது இடுப்பில் கட்டும் கச்சையைக் குறித்த சொல். புவியை வெப்பம், மிதவெப்பம், குளிர் எனப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கண்ட பழைய அறிஞர்கள் அந்தப் பட்டைகளுக்கும் இதே பெயரை வைத்தனர். அது லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. நகரமைப்பில் இந்தச் சொல் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மானிய நகரங்களில். பிராங்பர்ட் நகரம் 1891இல் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது. நியூயார்க் 1916இல் நகர் முழுமைக்குமான விதிகளை இயற்றியது. ஆனால் இந்த முறை செல்லுமா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது பெருநகரம் அன்று. ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்கு அருகே இருந்த யூக்ளிட் என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் தொழிற்சாலைகள் பரவாதபடி நிலத்தைப் பயன் வாரியாகப் பிரித்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நில நிறுவனம், தன் நிலத்தின் மதிப்பு சரிந்துவிட்டதென்று வழக்குத் தொடுத்தது. 1926இல் தீர்ப்பு ஊருக்குச் சாதகமாக அமைந்தது. உரிமையாளரின் விருப்பத்துக்கும் ஊரின் நலனுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

சென்னை மாகாணம் 1920இலேயே நகரமைப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. இப்போது நடைமுறையில் உள்ளது 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சட்டத்தின் பெயரில் ‘ஊர்’ இருந்தாலும், அதன் கவனம் பெரும்பாலும் நகரத்தின் மீதே இருந்துவந்துள்ளது என்பது என் எண்ணம். மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்), விரிவான வளர்ச்சித் திட்டம் எனப் பல படிநிலைகளை இச்சட்டம் வகுக்கிறது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. முதலில் உள்ள ‘மண்டலம்’, பல மாவட்டங்களையும் தழுவக்கூடிய பெருநிலப்பரப்பைக் குறிக்கிறது. அதன் உள்ளே ஒரு சிற்றூரின் ஓரத்தில் ஐந்து ஏக்கர் அளவில் குறிக்கப்படும் வேளாண் சோனையும் ‘மண்டலம்’ என்று எழுதினால், மண்டலத்துக்குள் மண்டலம் என்றாகி, படிப்பவருக்கு எது எதனுள் அடங்கியது என்பதே விளங்காமல் போகிறது.

மண்டலம் என்பது வட்டம் என்னும் பொருளுடைய வடசொல். சோழர் ஆட்சியில் அது மிகப்பெரிய நிலப்பிரிவின் பெயர். மண்டலத்துக்குள் வளநாடு, அதற்குள் நாடு அல்லது கூற்றம், அதற்குள் ஊர். தொண்டை மண்டலம் ‘ஜெயங்கொண்ட சோழமண்டலம்’ ஆனதும், சோழமண்டலக் கரை ஐரோப்பியர் நாவில் ‘கோரமண்டல்’ ஆனதும் தெரிந்த செய்திகள். இன்றோ இச்சொல் தாங்கும் சுமை மிக அதிகம்: நரம்பு மண்டலம், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மாநகராட்சி மண்டல அலுவலகம் என்று எங்கும் அதுவே. சித்த மருத்துவர் ‘ஒரு மண்டலம் மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் அது நாற்பத்தெட்டு நாள். இத்தனை பொருள் ஏறிய சொல்லின் மீது நுணுக்கமான சட்டக் கருத்து ஒன்றையும் ஏற்றுவது வேண்டாத வேலை.

இலங்கைத் தமிழ் வேறு வழியில் சென்றது. அங்கே சோன் என்பது ‘வலயம்’. சுதந்திர வர்த்தக வலயம், உயர் பாதுகாப்பு வலயம், கல்வி வலயம் என்பன அன்றாடச் சொற்கள். வளை, காப்பு என்னும் பொருளுடைய இச்சொல், கச்சையைக் குறித்த கிரேக்கச் சொல்லுக்குக் கருத்தளவில் மிக நெருங்கியது. இலங்கைத் தமிழர் இதைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் அது புழக்கத்தில் இல்லாததால் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

அதற்குத் தேவையும் இல்லை. நாளிதழில் வெளிவரும் நில உபயோக மாற்ற அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்கு ‘விவசாய உபயோகப் பகுதியிலிருந்து ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதியாக’ என்ற தொடர் பழக்கமானது. சர்வே எண், கிராமத்தின் பெயர், பரப்பளவு, ஆட்சேபணை தெரிவிப்பதற்கான கெடு ஆகியவற்றோடு பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை எழுதியவர், சோனுக்கு ‘பகுதி’ என்ற சொல்லை எந்த ஆரவாரமும் இல்லாமல் பயன்படுத்திவிட்டார். பகு என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பிரித்ததன் விளைவு என்பதையும் காட்டுகிறது. ‘உபயோகம்’ வேண்டாம் என்பவர்கள் ‘பயன்பாட்டுப் பகுதி’ என்று எழுதலாம்.

செயலைக் குறிக்கும் சோனிங்குக்கு ‘வகுத்தல்’ பொருந்தும். வெறுமனே பிரிப்பதற்கும் வகுப்பதற்கும் வேறுபாடு உண்டு: வகுத்தலில் இன்னதற்கு இன்னது என்று ஒதுக்கும் முறைமை அடங்கியிருக்கிறது. ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு’ என்னும் குறள் (385) பேசுவது ஈட்டிக் காத்த பொருளைப் பற்றித்தான், நிலத்தைப் பற்றி அன்று. எனினும், ஒன்றைப் பல தேவைகளுக்கு முறையாக ஒதுக்குவது அரசின் கடமை என்னும் கருத்து அந்தச் சொல்லோடு ஒட்டியே இருக்கிறது. ஆகவே ‘நிலப்பயன் வகுத்தல்’ என்பதே என் பரிந்துரை.

‘திணை’ என்றே சொல்லிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. திணை, நிலத்தின் இயல்பு. குறிஞ்சி ஏன் குறிஞ்சியாயிற்று என்பதற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை. வருவாய்த் துறையின் நன்செய், புன்செய், புறம்போக்கு என்னும் பிரிவுகளும், நிலம் இன்று என்னவாக இருக்கிறது, அதற்குத் தீர்வை உண்டா என்பதைச் சொல்லப் பிறந்தவையே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி, அதாவது வரியில்லா நிலம், என்று கழித்துவிட்டு எஞ்சிய நிலத்துக்கு வரி கணக்கிட்டதும் இதே நோக்கில்தான். வகுத்தல் பேசுவதோ, நிலம் நாளை என்னவாக ஆகலாம் என்பதை. அதனால்தான் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் புன்செய் என்று இருக்கும் நிலம், முழுமைத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டை அறியாமல் பட்டாவை மட்டும் பார்த்து மனை வாங்குபவர்கள், கட்டட அனுமதி கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

‘மண்டலம்’ உண்மையிலேயே பொருந்தும் இடமும் ஒன்று உண்டு: காவிரிப் படுகை. மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசியதும், 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்தை எதிர்த்து அமர்ந்ததும் அங்கே நிலத்தின் மீதான போட்டி எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டின. 2020 பிப்ரவரியில் சட்டப்பேரவை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதனுள் வந்தன. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க அங்கே தடை. இவ்வளவு விரிந்த பரப்புக்கு மண்டலம் என்று பெயரிட்டது சரியே.

ஆனால் அந்தச் சட்டம் செய்வது முழுமையான வகுத்தல் அன்று. எதெது கூடாது என்று பட்டியலிடுகிறதே தவிர, மண்டலத்துக்குள் எந்த ஊரில் எந்த வயல் வயலாகவே இருக்க வேண்டும், வீடுகள் எங்கே எழலாம் என்று அது சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. துறைமுகம், குழாய்வழி, சாலை, மின்சாரம் முதலிய உட்கட்டமைப்புக்கும் விலக்கு உண்டு. தடைப்பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. ஆகவே வாய்க்காலை ஒட்டிய நன்செயில் மண் கொட்டி, வண்ணம் பூசிய எல்லைக்கற்களை நட்டு, ‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றது) என்று பிளெக்ஸ் கட்டுவதை இந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்த முடியாது. அதற்கு, முழுமைத் திட்டம் இல்லாத இடங்களில் வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது குறித்து 2017இல் வந்த விதிகளையே நாட வேண்டும். அவையும் மனு வரும்போது ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பவை, வரைபடத்தில் முன்கூட்டியே கோடு போடுபவை அல்ல. வேளாண் மண்டலத்தை அறிவித்தாயிற்று. அதனுள் நிலப்பயன் வகுத்தல் இன்னும் மீதியிருக்கிறது.