மூன்று விநாடி ஓட்டம்

இலங்கையின் வன்னிக் கிராமத்துப் பாடசாலை ஒன்றில் இடைவேளை மணி அடித்ததும் சிறுவர்கள் கிறவல் முற்றத்தில் குச்சியால் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவதைச் சற்று நேரம் நின்று பார்த்தால், அங்கே எவரும் தொடர்ந்து ஓடுவதில்லை என்பது தெரியும். கோட்டின் முன்னால் ஒரு பிள்ளை அசையாமல் நிற்கும். மறிப்பவர் ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் பாய்ந்து அடுத்த தட்டுக்குள் புகும். மீண்டும் நின்று மூச்சு வாங்கும். நடுக்கோட்டில் ஓடி மறிக்கும் கிளி வரும்போது மட்டும் பதறி விலகும். பெரியவர்களின் கண்ணுக்குப் பாதி நேரம் சும்மா நிற்பதாகத் தோன்றும் இந்த ஆட்டமே அந்த வயது உடல் இயங்கும் இயல்பான முறையாகும்.

அமெரிக்காவில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து, அவர்களின் அசைவுகளை 3 விநாடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்ட ஓர் ஆய்வு 1995 இல் வெளியானது. கடுமையான அசைவு ஒன்று நீடித்த நேரத்தின் இடைநிலை அளவு 3 விநாடிதான். மெதுவான, நடுத்தரமான அசைவுகளுக்கு அது 6 விநாடி. 15 விநாடியைத் தாண்டிய கடும் அசைவு மிக அரிதாகவே காணப்பட்டது.

இதற்கான காரணம் தசைக்குள் இருக்கிறது. திடீர்ப் பாய்ச்சலுக்கு வேண்டிய சக்தியைத் தசைக்கலங்களில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிரியேற்றின் பொசுபேற்று உடனடியாகத் தருகிறது. ஆனால் அச்சேமிப்பு சில விநாடிகளிலேயே பெருமளவு தீர்ந்துவிடும். வளர்ந்தவர்களின் தசை அதன் பின்னர் ஒட்சிசனின்றிக் குளுக்கோசை உடைத்துத் தாக்குப்பிடிக்கிறது. சிறு பிள்ளைகளிடம் அந்த வழி இன்னும் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. அவர்கள் ஒட்சிசனையே கூடுதலாக நம்பியிருப்பதால் விரைவில் நின்றுவிடுகிறார்கள், விரைவில் களைப்பிலிருந்து மீளவும் செய்கிறார்கள். ஆகவே ஏழு வயதுப் பிள்ளையை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வைப்பது, அந்த உடலின் போக்கை அறியாத பயிற்சி என்றே நான் கருதுகிறேன்.

எலும்பின் கதை இதைவிடச் சுவையானது. எட்டுக்கோட்டில் கெந்தும் பிள்ளையின் கால் நிலத்தில் மோதும்போது எலும்பு மிக நுண்ணிய அளவில் வளைகிறது. அந்த வளைவு எலும்புக்குள் உள்ள நுண்கால்வாய்களில் இருக்கும் திரவத்தைத் தள்ள, உள்ளே பதிந்திருக்கும் எலும்புக்கலங்கள் அந்த ஓட்டத்தை உணர்ந்து, இவ்விடத்தை வலுப்படுத்த வேண்டும் என்ற இரசாயனச் செய்தியை அனுப்புகின்றன. ஆனால் இந்தக் கலங்கள் விரைவில் பழகிவிடுபவை. சில பத்து மோதல்களுக்குப் பின்னர் அவை ஏறக்குறையச் செவிடாகி, சில மணி நேர ஓய்வின் பின்னரே மீண்டும் முழுமையாகக் கேட்கத் தொடங்குகின்றன. விலங்குகளில் செய்த பரிசோதனைகளில், ஒரே எண்ணிக்கையான மோதல்களை ஒரே தடவையில் கொடுப்பதைவிடப் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாக வலுப்பெற்றது. வாரத்தில் ஒரு நாள் நீண்ட உடற்கல்விப் பாடம் இருப்பதால் நாளாந்த விளையாட்டைக் குறைக்கலாம் என்று வாதிடுவோருக்கு இது நல்ல மறுமொழி.

கவனமும் இவ்வாறே தேய்ந்து மீள்கிறது. 2009 இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்பது வயதளவிலான 20 பிள்ளைகளை 20 நிமிடம் நடைப்பொறியில் நடக்கவிட்டுப் பின்னர் சோதித்தபோது, கவனத்தைச் சிதறடிக்கும் குறிகளுக்கு நடுவில் சரியான விடையைத் தெரிவு செய்யும் திறன், அமர்ந்திருந்த நாளைவிட மேம்பட்டிருந்தது. கவன ஒதுக்கீட்டைக் காட்டும் மூளையின் மின் அலையும் பெரிதாகியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் நீண்ட நேரம் இருத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள் மேலும் கவனம் குன்றுவதைக் காட்டிய வகுப்பறை அவதானிப்புகளுடன் இது பொருந்துகிறது.

இனி வன்னிப் பிள்ளையின் நிமிடங்களைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நடுத்தர அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரையான பாடசாலை நாளில் 20 நிமிட இடைவேளை ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கை கழுவ, உணவுக்கு வரிசையில் நிற்க, உண்டு முடிக்க 12 நிமிடம் போனால் மிஞ்சுவது 8. கிளித்தட்டில் பாதி நேரம் நிற்பது என்பதால் உண்மையான அசைவு 4 நிமிடம். நாட்டுப்புறப் பிள்ளைகள் நடந்தே களைத்துவிடுவார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் தூரமும் யானைப் பயமும் இருக்கும் ஊர்களில் தரம் 2 பிள்ளை அம்மாவின் சைக்கிள் கரியரிலோ அப்பாவின் மோட்டார் சைக்கிளிலோதான் வந்திறங்குகிறது. கண்ணிவெடி அகற்றப்படாத காணிகளின் ஓரத்தில் மண்டையோட்டுப் பலகைகள் நின்ற ஆண்டுகளில், முகமாலைப் பக்கத்திலும் வேறு பல இடங்களிலும், பாடசாலை முற்றமே பயமின்றி ஓடக்கூடிய வெளியாக இருந்தது.

1998 இன் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு முதலிடமும் மேசை வேலைக்குக் கடைசி இடமும் கொடுத்தது. தரம் 5 ஐ எட்டும்போது அந்த ஒழுங்கு தலைகீழாகிறது. புலமைப்பரிசில் பரீட்சை அண்மிக்க, பாடசாலைக்குப் பிந்திய நேரத்தை ரியூசன் எடுத்துக்கொள்ள, கணக்கை முடிக்காத பிள்ளைக்கு இடைவேளையும் மறுக்கப்படுவதுண்டு. தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013 இல் அறிவித்தது. மேலே சொன்ன கவனக் கணக்கின்படி, அதிகம் அமைதியிழந்த பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

வெளியில் விளையாடுவதால் கண்ணுக்கும் ஆதாயம் உண்டு. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வேப்பமர நிழலில்கூட அது பல ஆயிரத்தைத் தொடும். அந்த ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கச் செய்து, கிட்டப்பார்வைக்குக் காரணமாகும்படி கண்கோளம் நீள்வதைத் தடுக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிட வெளிச் செயற்பாட்டைக் கூட்டியபோது, மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வைக்கு உள்ளானோர் 30.4 சதவீதம், ஏனைய பாடசாலைகளில் 39.5 சதவீதம்.

சித்திரை வெயிலிலும் சோளகக் காற்றின் புழுதியிலும் நடுப்பகல் ஓட்டம் நல்லதன்று. மாரியில் முற்றமே குளமாகிவிடும். அமெரிக்காவின் யூட்டாவில், விளையாடிய பின்னர் உணவு என்று ஒழுங்கை மாற்றியபோது பிள்ளைகள் உண்ட பழமும் மரக்கறியும் 54 சதவீதம் கூடின. ஆனால் காலையில் வெறும் தேநீரோடு வரும் பிள்ளையை முதலில் ஓடவிட முடியாது. அதனால் இங்கே உணவு இடைவேளையைத் தொடாமல், வெயில் உச்சியேறுமுன் மரநிழலில் பத்து நிமிடம் தனியாக ஒதுக்கினால் போதும். மழை நாளில் விறாந்தையில் கெந்தலாம்.